பெட்டிக்குள் உருண்ட பட்டாணி

அத்தியாயம் 17

மனிதனை மனிதனாக்கியது கை. நெருப்பை மூட்டியது அது. சக்கரத்தை உருட்டியது அது. கடைசியில், சக மனிதனின் வயிற்றைத் திறந்து, உள்ளே கெட்டதை எடுத்து, மறுபடி தைத்து மூடி, "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லும் அளவுக்குத் துணிந்ததும் அதே கைதான். ஆகவே கைகளுக்கெல்லாம் அரசன், அறுவை மருத்துவனின் கை.

அந்த அரசன் அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான்.

"கொடுங்க இப்படி" என்றாள் மனைவி. ஒரே திருகு. பொத்தான் உள்ளே போய்விட்டது.

"நானே போட்டிருப்பேன்" என்றார் பெரிய டாக்டர்.

"போட்டிருப்பீங்க. விழா முடிஞ்ச பிறகு."

பெரிய டாக்டர் அந்த ஊர் ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைத் தலைவர். எந்த வயிற்றையும் ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துதான் அவருக்குப் பழக்கம். "எண் சாண் உடம்பில் ஒரு சாண் எனக்கு" என்பது அவர் முப்பது வருஷமாகச் சொல்லி, முப்பது வருஷமாகத் தானே முதலில் சிரிக்கும் வேடிக்கை. ஊரில் பாதிப் பேர் வயிற்றில் அவருடைய கையெழுத்து இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவரைச் 'சாண் டாக்டர்' என்பார்கள்.

மனைவி நீதிமன்றத்தில் ஸ்டெனோ. யார் என்ன சொன்னாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்வாள். அவள் பித்தப்பையில் கற்கள். போன மாதம் ஒரு வழக்கின் நடுவே விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் சுருண்டதும், 'ஐயோ' என்று அவள் கத்தியதைப் பதிவு செய்வதா வேண்டாமா என்று நீதிபதியே குழம்பிப்போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நாள் குறித்தாகிவிட்டது. கை மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை.

வீட்டில் இரண்டு ஜோடிக் கைகள் தயாராக இருந்ததுதான் சிக்கல்.

இரண்டாவது ஜோடி மகளுடையது. பெரிய நகரத்தில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு, அப்பாவின் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்து சேர்ந்த சின்ன டாக்டர். ஒரு சாண் கிழிக்காமல், வயிற்றில் நான்கு சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளமான இடுக்கிகள் நுழைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுக்கும் வித்தையை அவள் கற்று வந்திருந்தாள். அதற்கான கருவிகளைக் கடல் கடந்த அறக்கட்டளை ஒன்று ஆஸ்பத்திரிக்கு இனாமாகக் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனையோடு: முதலில் பெட்டி, பிறகு உடம்பு.

பெட்டி என்றால் நிஜமாகவே பெட்டிதான். பணக்கார நாடுகளில் மருத்துவர்கள் பழகுவதற்கென்று ரத்தம் கசிந்து, மூச்சு விட்டு, தவறு செய்தால் முனகும் ரப்பர் உடம்புகள் இருக்கின்றன. அந்த விலையில் நம் பெரிய டாக்டரின் ஆஸ்பத்திரியை இரண்டு முறை வாங்கலாம். பணமில்லாத நாடுகளுக்குத் துணிமணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் இரண்டு ஓட்டை. ஓட்டைகளுக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்டு, அதன் வழியே இரண்டு இடுக்கிகள். உள்ளே ஒரு சின்ன விளக்கு. மேலே ஒரு டேப்லெட். அதன் கேமரா பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும். திரையைப் பார்த்தபடி ஒரு கிண்ணத்திலிருந்து காய்ந்த பட்டாணிகளை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். அதை வீடியோவாக அனுப்பினால், பெயர் தெரியாமல், மூன்று நாட்டில் மூன்று டாக்டர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இரண்டு பேர் 'தேர்ச்சி' என்றால்தான் ஆபரேஷன் தியேட்டரில் கருவியைத் தொடலாம்.

சின்ன டாக்டர் ஆஸ்பத்திரிக்கு ஆறு பெட்டி செய்தாள். வீட்டுக்கு ஒன்று. விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்க, வீட்டுப் பெட்டியின் உட்புறத்தில் படுக்கையறை ஜன்னலின் பழைய நீலத் திரைத்துணியை வெட்டி ஒட்டியிருந்தாள்.

பெரிய டாக்டரோ நேராக மதிப்பீட்டாளராகிவிட்டார். பெட்டியில் அவரை யாரும் சோதிக்கவில்லை. பதவியின் நீளத்தைப் பார்த்தே சேர்த்துக்கொண்டார்கள்.

"ஏதாவது தெரிஞ்சுதாப்பா?" என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்தாள் மகள். "என் வீடியோவுக்கு ஒருத்தர்தான் மார்க் போட்டிருக்காராம். மீதி ரெண்டு பேர் போட்டாத்தான் முடிவைக் காட்டும்."

"பொறுமை வேணும்" என்றார் பெரிய டாக்டர், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள வரலைன்னா?" என்றாள் மனைவி.

"வரலைன்னா என்ன? நான் இருக்கேன்ல?"

"அதான் கவலையே."

"இதோ பாரு. சொந்த ரத்தத்தைச் சொந்தக் கையால வெட்டக் கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு தர்மம் இருக்கு. பெத்த தாயை ஒரு பொண்ணு எப்படி..."

"அப்ப நீங்க மட்டும்?"

"நீ எனக்கு ரத்த சொந்தமா? கல்யாணம் பண்ணி வந்த சொந்தம்தானே. அதுக்கு இடமிருக்கு."

"எந்தச் சட்டத்துல?"

பெரிய டாக்டர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தார். கோர்ட்டில் வேலை செய்பவளிடம் சட்டம் பேசுவது பூனைக்கு எலி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது போல என்று அவருக்குக் காலம் கடந்து ஞாபகம் வந்தது.

காரில் ஏறியதும் அவர் முகத்தில் ஒரு சாந்தம் படர்ந்தது. தியாகம் செய்தவர்களுக்கு மட்டும் வரும் சாந்தம். காரணம் இதுதான். மகளுடைய வீடியோவுக்கு முதல் மதிப்பெண் போட்டவர் அவரே.

புதன்கிழமை, ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே அந்த வீடியோவை அவர் கைப்பேசியில் பார்த்தார். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தார். கையைப் பார்க்கக் காது எதற்கு என்பது அவர் கொள்கை. பெயர் இல்லை, முகம் இல்லை. இரண்டு இடுக்கி முனைகளும் பட்டாணிகளும்தான். ஆனால் பின்னால் தெரிந்ததே அந்த நீலத் துணி! பத்து வருஷம் விழித்தெழுந்து பார்த்த திரையை அவருக்குத் தெரியாதா?

தெரிந்தவருடைய வீடியோ என்றால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று விதி. அதைப் பெரிய டாக்டர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். மகள் என்றும் பாராமல் மதிப்பெண் போடுவதல்லவா நீதி? வீடியோவில் பட்டாணி ஒன்று இடுக்கியிலிருந்து நழுவி உருண்டது. இன்னொன்று எகிறியது. பெரிய டாக்டர் பத்துக்கு மூன்று போட்டார். கீழே குறிப்பும் எழுதினார். எழுதிய குறிப்பின் அழகில் மயங்கி, அதை இரண்டு முறை படித்தார்.

பெட்டியைப் பற்றி அவருக்கு அனுபவமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை, மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்ட நேரம், விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு கை பார்த்திருந்தார். சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் பதிவாகும் என்பது அவர் எண்ணம்; ஆகவே அமுக்கவில்லை. அந்தப் பெட்டி ஒரு மாதிரியான பெட்டி. கையை வலப்பக்கம் கொண்டுபோனால் முனை இடப்பக்கம் போகும். மேலே தூக்கினால் கீழே குத்தும். பக்கத்தில் இருப்பதாகத் தெரியும் பட்டாணி அரை விரல் தள்ளி இருக்கும். ஆனாலும் அவர் நினைவில் பட்டாணிகளெல்லாம் ஒழுங்காகவே கிண்ணத்தில் விழுந்திருந்தன. ஒன்றிரண்டு மட்டும் பெட்டியின் குற்றத்தால் உருண்டிருந்தன.

விழா ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில். திறக்கப்படவிருந்த 'திறன் பயிற்சிக் கூடம்' அதற்கு அடுத்த அறை. போன வாரம் வரை உடைந்த சக்கர நாற்காலிகளின் சேமிப்புக் கிடங்கு. நாற்காலிகளை இப்போது மேடைத் திரைக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் திரையின் அடியில் சக்கரங்கள் எட்டிப் பார்த்தன.

"கடைசி வரிசை வரைக்கும் கேட்கணும்" என்றார் பெரிய டாக்டர், மைக்செட்காரரிடம்.

"தெருமுனை வரைக்கும் கேட்கும் சார்."

"என் பேச்சுக்கு நடுவுல ஒரு வீடியோ வரும். அதையும் இதே லேப்டாப்ல போட்டுடுங்க."

சுகாதாரத் துறைச் செயலாளர் தாமதமாக வந்து, வேகமாக மாலை வாங்கிக்கொண்டு, ரிப்பன் வெட்டக் கையை நீட்டினார். அறுவை சிகிச்சைத் துறையின் கத்தரிக்கோலை வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினார்கள். ரிப்பன் மூன்றாவது முயற்சியில் கிழிந்தது.

முதல் வரிசையில் ஸ்டெனோ அம்மாவும், பக்கத்தில் ஹெட் நர்ஸும். சின்ன டாக்டர் சுவரோரமாக, பயிற்சி மருத்துவர்களோடு நின்றிருந்தாள்.

பெரிய டாக்டர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஏழை நாடுகளில் நோயாளியின் உடம்பே பாடப்புத்தகமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது! இனி முதல் தவறு பெட்டிக்குள் நடக்கும். உடம்புக்குள் நடக்காது!"

கைதட்டல். அது வரை எழுதிக் கொடுத்தவள் மகள். அதற்கு மேல் அவருடைய சொந்தச் சரக்கு.

"இந்தப் பெட்டியில் தேறாத கை, இந்த ஆஸ்பத்திரியில் துளை வழியே உள்ளே போகாது. இங்கே உறவு கிடையாது, பதவி கிடையாது, வயது கிடையாது. என் கையாக இருந்தாலும் சரி!"

பலத்த கைதட்டல். ஸ்டெனோ அம்மாவின் வலது கை விரல்கள் மடியில் லேசாக அசைந்தன. பழக்க தோஷம்.

"நாங்கள் எவ்வளவு கறாராக இருக்கிறோம் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். பெயரில்லாத ஒரு வீடியோ. ஆகவே யாரும் மனம் புண்பட வேண்டியதில்லை" என்று சொல்லி, மனம் புண்பட வேண்டியவள் நின்ற பக்கம் ஒரு கருணைப் பார்வை பார்த்தார். "இதற்கு நான் எழுதிய குறிப்பை வாசிக்கிறேன்: 'இருட்டில் செருப்பைத் தேடும் கால் போல இருக்கிறது இந்தக் கை. இது இன்னும் பட்டாணி உரிக்கவே பழக வேண்டும்.'"

சிரிப்பு. அவர் கையை அசைத்தார். வெள்ளைத் திரையில் நீலத் துணி விரிந்தது. இரண்டு இடுக்கி முனைகள் பட்டாணியைத் தேடி வந்தன.

சின்ன டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு சுவரை விட்டு விலகி, வேகமாக மேடைப் படி வரை வந்தாள்.

"அப்பா, நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"உண்மை கசக்கத்தான்மா செய்யும்" என்றார் அவரும் தாழ்ந்த குரலில், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

"அது என்னோடது இல்லப்பா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அப்போதுதான் ஸ்பீக்கர் வாயைத் திறந்தது.

"வா... வா கண்ணு... ம்... எங்கடா போற..." என்றது ஓர் ஆண் குரல், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. "இந்தப் பக்கம்னா அந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம்னா இந்தப் பக்கம்... எவன்டா கண்டுபிடிச்சான் இந்தச் சனியனை?"

பட்டாணி ஒன்று உருளும் சத்தம் இடி முழக்கம் போலக் கேட்டது.

பெரிய டாக்டர் திகைத்தார். ஆண் குரலா? அப்படியானால் மகளுடையது இல்லை, எவனோ ஒருவனுடையது. நீலத் துணி எங்கும்தான் கிடைக்கும். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் எவனாக இருந்தாலும் அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. மூக்கால் பேசுகிற, தன்னைத் தவிர எல்லாரும் முட்டாள் என்று நினைக்கிற குரல்.

தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்கிற வாய்ப்பு மனிதனுக்கு அதிகம் வாய்ப்பதில்லை. அறையிலிருந்த மற்ற எல்லாருக்கும் அவர் குரலைக் கேட்கும் வாய்ப்புத் தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது. ஹெட் நர்ஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பயிற்சி மருத்துவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

"கவனியுங்கள்" என்றார் பெரிய டாக்டர் மைக்கில். "கை தடுமாறும்போது வாய் எப்படி உளறுகிறது பாருங்கள். தன் குறையைக் கருவி மீது போடுகிறது. இந்த மாதிரி ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்."

"என்னங்க!" என்றது ஸ்பீக்கர். இந்த முறை பெண் குரல், தூரத்திலிருந்து. "பாத்ரூம்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, குழாயை மூட மாட்டீங்களா? அங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல!" என்றது ஆண் குரல். "பேப்பர் படிக்கிறேன்!"

முப்பது வருஷமாகக் கேட்ட குரல். அந்தப் பெண் குரலை மட்டும் பெரிய டாக்டர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். மேடையிலிருந்தபடியே முதல் வரிசையைப் பார்த்தார். ஸ்டெனோ அம்மா, சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் பார்க்கும் அதே முகத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அறையின் கடைசி வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. செயலாளர் கண் விழித்து, "யாரு வீடு டாக்டர் அது?" என்று கேட்டார்.

பெரிய மனிதர்களைப் பெரிய மனிதர்களாக்குவது அறிவு அல்ல. விழும்போதே, குதித்ததாகச் சொல்லிவிடும் வேகம். பெரிய டாக்டர் கைகளை விரித்தார். முழுச் சிரிப்புச் சிரித்தார்.

"என்னுடைய வீடுதான் ஐயா! எப்படிச் செய்யக் கூடாது என்று காட்ட, வேண்டுமென்றே நானே தவறாகச் செய்து எடுத்த வீடியோ இது. கொஞ்சம் நகைச்சுவையும் சேர்த்தேன்."

செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள். "பிரமாதம் டாக்டர். தப்பு பண்றதை இவ்வளவு தத்ரூபமா யாரும் காட்டினதில்ல" என்றார்.

"சாருக்கு நடிப்பும் வரும்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள் ஹெட் நர்ஸ், யாரிடமும் சொல்லாதது போல.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சக்கர நாற்காலி மெல்ல உருண்டு வந்து மேடை ஓரத்தில் நின்றது. அதில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று பெரிய டாக்டருக்கு ஒரு கணம் தோன்றியது.

வீடு திரும்பும் வழியில் பெரிய டாக்டர் காரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று அவருக்கு இருந்தது.

கூடத்தில் உட்கார்ந்ததும் மகள் டேப்லெட்டை மேசை மேல் வைத்தாள்.

"பெட்டிக்குள்ள விளக்கு எரிஞ்சாலே இது பதிவு பண்ண ஆரம்பிச்சுடும்பா. சிவப்புப் பொத்தான் நிறுத்துறதுக்கு. இதுல இடமும் கம்மி. புதுசு வந்தா பழசு அழிஞ்சிடும். நான் ஞாயித்துக்கிழமை பண்ணி வச்சிருந்தேன். நீங்க திங்கட்கிழமை பண்ணினது அதை அழிச்சிடுச்சு. நான் அன்னிக்கு ராத்திரி திறந்து பார்க்காமலே அனுப்பிட்டேன், என் பேர்ல போயிடுச்சு."

"நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"அன்னிக்கே சொன்னேன். 'இந்த விளையாட்டுச் சாமானைப் பத்தி எனக்குச் சொல்லித் தர வேண்டாம்'னு சொன்னீங்க."

"சொன்னார்" என்று உறுதிப்படுத்தினாள் மனைவி. "சாப்பாட்டு மேசையில. ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டே."

பெரிய டாக்டர் செய்தித்தாளை எடுத்து விரித்தார். இந்த முறை நிஜமாகவே படித்தார், அல்லது தலைப்புகளைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்கணும்பா" என்றாள் மகள். அவள் குரலில் கோபம் இல்லை. காயத்தின் ஆழத்தை அளக்கும்போது வரும் குரல் அது. "மார்க் போடறப்போ நீலத் துணி தெரிஞ்சிருக்குமே. யாரோடதுன்னு நினைச்சு மூணு போட்டீங்க?"

செய்தித்தாளின் ஒரு பக்கம் திரும்பியது.

"கையை மட்டும்தான் பார்த்தேன்" என்றார், பக்கத்துக்கு அந்தப் புறத்திலிருந்து.

"கருணையா என்னைப் பார்த்தீங்களே, மேடையிலேர்ந்து. அது?"

இன்னொரு பக்கம் திரும்பியது. திரும்ப வேண்டிய பக்கங்கள் தீர்ந்துகொண்டு வந்தன.

"சரி. என்னோட முடிவைச் சொல்லிடறேன்" என்று ஸ்டெனோ அம்மா எழுந்தவள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள். வலது விலாவுக்குக் கீழே கை போய் அழுத்தியது. முகம் வெளுத்து, உதட்டுக்கு மேல் வியர்வை பூத்தது. சத்தம் வரவில்லை.

செய்தித்தாள் தரையில் கிடந்தது. பெரிய டாக்டர் எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "மூச்சை மெதுவா விடு. மெதுவா" என்று அவள் முதுகைத் தாங்கினார். மகள் அதற்குள் பையைத் திறந்து ஊசியை ஏற்றிவிட்டிருந்தாள். அவர் மனைவியின் கையைப் பிடித்து நீட்டினார், மகள் குத்தினாள். தியேட்டரில்கூட அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்ததில்லை.

வலி அடங்கச் சற்று நேரமாயிற்று. சோபாவில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடியபடியே மனைவி பேசினாள்.

"'இந்தப் பெட்டியில் தேறாத கை, இந்த ஆஸ்பத்திரியில் துளை வழியே உள்ளே போகாது. இங்கே உறவு கிடையாது, பதவி கிடையாது, வயது கிடையாது. என் கையாக இருந்தாலும் சரி.' சரியா இருக்கா?"

"அது மேடைக்குச் சொன்னது."

"மேடையில சொன்னதுக்குச் சாட்சி அதிகம்."

பெரிய டாக்டர் மோவாயைத் தடவினார். "ஒருத்தர் போட்ட மார்க்கை வச்சு முடிவு பண்ணிட முடியாது. மூணு பேர்ல ரெண்டு பேர்தான் கணக்கு. நான்... கொஞ்சம் கடுமையான ஆளு. கோபத்துல போட்டது. மத்த ரெண்டு பேரும் அனுபவஸ்தங்க, நிதானமா பார்ப்பாங்க. அந்த வீடியோவுல நல்ல அசைவும் இருக்கு. நடுவுல ஒரு இடத்துல..."

"வேணும்னே தப்பா பண்ணினதுன்னு சொன்னீங்களே?"

"தப்பா பண்ணினாலும் அடிப்படை தெரியுமில்ல?"

மனைவி கண்ணைத் திறந்தாள். "சரி. அந்த ரெண்டு பேரும் பாஸ் போட்டிருந்தா, செவ்வாய்க்கிழமை நீங்களே பண்ணுங்க. வாய் திறக்க மாட்டேன். போடலைன்னா, இவ புதுசா ஒண்ணு பண்ணி அனுப்பட்டும். பாஸானா இவ பண்ணட்டும்."

"ரெண்டும் இல்லைன்னா?"

"கல்லோடவே இருந்துக்கறேன். இத்தனை வருஷம் உங்களோட இருந்தாச்சு."

"ஒரு சாண் வழி இருக்கவே இருக்கு" என்று அவர் சொல்லிப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக, அவருக்கே சிரிப்பு வரவில்லை.

சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் இருக்கும்போதே மகள் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். கையைக் கழுவி, துடைத்து, விளக்கைப் போட்டாள். பெரிய டாக்டர் வாசற்படியில் சாய்ந்து நின்றார். தண்ணீர் குடிக்க வந்தவர் போல ஒரு தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

திரையை மட்டும் பார்த்தாள் அவள். கைகளைப் பார்க்கவே இல்லை. வலது இடுக்கி பட்டாணியை எடுத்தது. நடுவழியில் இடதுக்குக் கைமாற்றியது. இடது கிண்ணத்துக்கு மேல் போய் நின்று, தாழ்ந்து, விட்டது. அவசரம் இல்லை. அலைச்சல் இல்லை. பட்டாணிகள், அலுவலகம் விட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கிண்ணத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

பெரிய டாக்டருக்கு எத்தனையோ குறைகள் உண்டு. நல்ல கையைப் பார்த்தால் தெரியாமல் போகும் குறை மட்டும் கிடையாது. தம்ளரில் இருந்த தண்ணீரை அவர் குடிக்க மறந்தார்.

மகள் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தி, பதிவை அனுப்பினாள். "போயிடுச்சு" என்றாள், திரும்பிப் பார்க்காமல். அவர் நின்றது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"திங்கட்கிழமைக்குள்ள மூணு பேரும் போட்டாகணும்" என்றது சோபாவிலிருந்து ஒரு குரல். "ஒருத்தர் தாமதிச்சாலும் முடிவு வராதுல்ல?"

"வராதும்மா."

பெரிய டாக்டரின் சட்டைப் பையில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. அவர் வராந்தாவுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை மாட்டினார்.

முதல் செய்தி, மதிப்பீட்டுக்குப் புதிதாக ஒரு வீடியோ அவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. திறந்தார். நீலத் துணி. தெரிந்தவருடையது என்று திருப்பி அனுப்பலாம். வேறொருவருக்குப் போய், அவர் பார்க்கும்வரை நாள் ஓடும். பார்த்து மதிப்பெண்ணும் போடலாம். பார்க்காமலே வைத்திருக்கவும் செய்யலாம். அவருடைய கட்டைவிரல் திரைக்கு மேல் நின்றது. எதையும் தொடாமல் அடுத்த செய்திக்கு நகர்ந்தது.

இரண்டாவது செய்தி, மதிப்பிட்டவர்களுக்கும் அனுப்பப்படும் திங்கட்கிழமை வீடியோவின் முடிவு. மற்ற இரண்டு மதிப்பெண்களும் வந்துவிட்டன. அதைத் திறப்பதற்கு முன் அவர் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டார்.

மூன்று மதிப்பெண்களில் அதிகமானது, அவர் போட்ட மூன்றுதான்.